மேலேரிக்கு மதகு எங்கே?

அப்பா முப்பத்தொரு வருடம் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர். முக்கால்வாசி சர்வீஸ் வீராணம் ஏரிக்கரையில்தான். டெல்டாக்காரர்களுக்கு லஸ்கர் என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மதகுச் சாவி வைத்திருக்கும் ஆள். ஷட்டரை ஏற்றி இறக்குவது, காலையில் அளவுகோலைப் பார்த்து எத்தனை அடி என்று ஆபீசுக்குச் சொல்வது, ஐப்பசி கார்த்திகையில் ராத்திரி முழுக்க டார்ச் லைட்டோடு கரையில் நடந்து எங்கேயாவது கசிகிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் அவர் வேலை. நாங்கள் தூங்கி எழும்போது அவர் குடை வாசலில் சொட்டிக்கொண்டிருந்தால், ராத்திரி ஏரி தாங்கிவிட்டது என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவரை அமெரிக்க-கனடா எல்லையில் இருக்கும் சுப்பீரியர் ஏரிக்குக் கூட்டிப்போனால் என்ன ஆகும் என்று நான் கொஞ்சம் முன்னாலேயே யோசித்திருக்கலாம்.

அம்மாவும் அப்பாவும் ஆறு மாதம் தங்குவதற்கு நாங்கள் இருக்கும் மினியாப்பொலிஸ் வந்திருந்தார்கள். கோயில், மால், காஸ்ட்கோ எல்லாம் பத்து நாளில் தீர்ந்துபோனது. ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை என் கணவர் அரை நாள் லீவு போட்டார். மகளையும் ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பினோம். ஏரிக்கரை ஊரான டுலூத் இரண்டரை மணி நேரம். வழியெல்லாம் காடும் காடும்தான், சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்குள் இறங்கும் முன் நெடுஞ்சாலை ஒரு குன்றின் மேல் ஏறித் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் சட்டென்று கீழே துறைமுகம், பாலம், அதற்கு அப்பால் கிழக்கே வானம் வரைக்கும் தண்ணீர். எத்தனை தடவை வந்தாலும் அந்த இடத்தில் காருக்குள் பேச்சு நின்றுவிடும். அன்றைக்கும் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அப்பாதான் வாய் திறந்தார்.

"கரை எங்கம்மா?"

எதிர்க்கரையைக் கேட்கிறார் என்று நினைத்து, அது கிழக்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, தெரியாது என்றேன். அவர் அதைக் கேட்கவில்லை. ஏரி என்றால் கரை கட்டியிருக்க வேண்டும். கரை இருந்தால் மதகு இருக்க வேண்டும், மிஞ்சியது வழிய கலுங்கு இருக்க வேண்டும், கீழே அதில் பாசனம் பெறும் ஆயக்கட்டு இருக்க வேண்டும். வீராணத்துக்கு 44,856 ஏக்கர். இதற்கு எத்தனை? மாப்பிள்ளையிடம் நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஏக்கரும் இல்லை என்று சொல்ல எனக்கு என்னவோபோல் இருந்தது.

கணவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டே பெயர்க் கதையை எடுத்துவிட்டார். சுப்பீரியர் என்றதும் எல்லாரும் உசத்தி, சிறப்பு என்று பொருள் எடுத்துக்கொள்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் வைத்தபோது அதற்கு அர்த்தம் மேலே இருக்கிற ஏரி என்பதுதான். ஐந்து பேரேரிகளில் இது வடக்கே, உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் இங்கிருந்துதான் கீழே இருக்கும் ஏரிகளுக்கு இறங்குகிறது. அவர்களுக்கு முன்பிருந்தே இங்கே வாழும் ஓஜிப்வே மக்கள் கிச்சிகாமி, அதாவது பெருங்கடல் என்கிறார்கள்.

"அப்ப மேலேரின்னு சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார் அப்பா. நம் பக்கத்தில் ஊருக்கு ஒரு மேலேரி, கீழேரி, சித்தேரி உண்டுதானே. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு மேலேரி என்றுதான் பெயர்.

டுலூத்தில் கால்வாய் ஓரமாக ஒரு பழைய கிடங்குப் பகுதி இருக்கிறது, கேனல் பார்க் என்பார்கள். ஹோட்டலும் ஐஸ்கிரீம் கடையுமாக இப்போது சுற்றுலாக்காரர்கள் கையில். கோடை வார இறுதியில் அறை வாடகை கண்ணைக் கட்டும். நாங்கள் மேட்டில் ஒரு மோட்டல் எடுத்திருந்தோம். சுவர் எவ்வளவு மெல்லிசு என்றால், பக்கத்து அறைக்காரர் போர்வையை இழுத்தால் எங்களுக்குக் கேட்கும். அதை விடுங்கள்.

கேனல் பார்க்கில் ஒரு காபிக் கடையில்தான் கணக்கு ஆரம்பித்தது. அப்பாவுக்கு எந்த நீர்நிலையையும் டி.எம்.சி.யில், அதாவது நூறு கோடி கன அடிக் கணக்கில், சொன்னால்தான் மனதில் ஏறும். கணவர் போனில் பார்த்து, 12,100 கன கிலோமீட்டர் என்றார். ஒரு கன கிலோமீட்டர் என்பது 35.3 டி.எம்.சி. அப்பா டோனட் சுற்றி வந்த காகிதத்தைப் பிரித்து, எண்ணெய் படாத மூலையில் பெருக்கினார். நாலு லட்சத்து இருபத்தேழாயிரம் டி.எம்.சி. சுழி தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடி போட்டுப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

மேட்டூர் அணை நிரம்பினால் 93.47. அப்படி நாலாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் மேட்டூர். வீராணத்துக்கு 1.465, அந்தக் கணக்கை அவர் போடவில்லை, போட மனசு வரவில்லை போல. அதற்குப் பதில் இன்னொன்று போட்டார். காவிரியில் நமக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று சுப்ரீம் கோர்ட் 2018இல் சொன்னது 177.25 டி.எம்.சி. இந்த ஏரியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் எத்தனை வருடம் வரும்? இரண்டாயிரத்து நானூறு. "பராந்தக சோழன் வீராணத்தை வெட்டியே ஆயிரத்து நூறு வருஷம்தான் ஆவுது" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. "இவ்வளவு தண்ணிய வெச்சிக்கிட்டு இந்த காபிய இப்படியா போடுவாங்க?" என்றாள்.

பரப்பையும் சொல்லிவிடுகிறேன். 82,100 சதுர கிலோமீட்டர். பரப்பளவில் இலங்கைத் தீவைவிடப் பெரியது. ஆழம் அதிகபட்சம் 406 மீட்டர். உள்ளே வந்த நீர் வெளியேறச் சராசரியாக 190 வருடம் ஆகும் என்கிறார்கள். இந்த ஏரிக்கு நீர் வரும் நிலப்பகுதியைத் தனியாக அளந்தால் ஏறக்குறைய தமிழ்நாட்டு அளவு வரும். அப்பாவுக்கு அது மட்டும் பிடிக்கவில்லை. "இம்மாம் பெரிய ஏரிக்கு நீர்ப்பிடிப்பு பத்தாதே" என்றார். ஏரியின் பரப்பில் ஒன்றரை மடங்குதான் அது. எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இப்படி ஒரு குறையை நான் படித்ததில்லை, ஆனால் அவர் சொன்னது நியாயம்தான்.

சனிக்கிழமை பகலில் பார்க் பாயின்ட் மணல்திட்டு. பதினோரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒல்லியாக ஒரு மணல் நாக்கு. ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் ஏரி. மெரினாபோல நல்ல மணல். வெயில் சுள்ளென்று இருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தலைக்கு ஊத்திக்கிறேன்" என்று இறங்கினார். கணுக்கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது. அங்கேயே நின்றார். திரும்பி எங்களைப் பார்த்த முகத்தில், மார்கழி மாதம் விடியற்காலையில் கிணற்றடியில் நிற்கும் சின்னப் பையன் தெரிந்தான். இரண்டு கையிலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு வந்துவிட்டார். ஜூனில் இந்தத் தண்ணீர் ஐஸ் பெட்டித் தண்ணீர். டுலூத் வானிலை அறிக்கையில் கோடையில் ஒரு வரி தவறாமல் வரும்: ஏரிக்கரையில் குளிர் கூடுதலாக இருக்கும். குளிக்க வேண்டும் என்றால் ஆகஸ்டில் வாருங்கள். அப்போதும் கரையில் கொடியைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அமைதியாகத் தெரியும் நாளிலும் காலை இழுக்கும் நீரோட்டம் உண்டு.

டுலூத்தில் பார்க்க வேண்டியது எது என்று என்னைக் கேட்டால் மாளிகையும் கோபுரமும் அப்புறம், முதலில் ஒரு கப்பல் வருவதைப் பாருங்கள் என்பேன். கால்வாய்க் கரையில் ராணுவப் பொறியாளர் துறையின் கடல்சார் காட்சியகம் ஒன்று இருக்கிறது, இலவசம். எந்தக் கப்பல் எப்போது வரும் என்று அங்கே எழுதிப் போட்டிருப்பார்கள். ரயில் நேரம்போல நினைக்க வேண்டாம், மாறிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு ஏழு மணி என்றார்கள், எட்டரை என்றார்கள். மகள் பெஞ்சில் தூங்கிப்போனாள். ஒன்பதே முக்காலுக்கு இருட்டுக்குள் இருந்து விளக்குகள் மட்டும் மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே வந்தன.

கால்வாய்க்குக் குறுக்கே இரும்புத் தூக்குப் பாலம். 1905இல் கட்டியபோது அது பாலமே இல்லை; மேலே சட்டம், அதிலிருந்து தொங்கும் ஒரு பெட்டியில் ஆளையும் வண்டியையும் ஏற்றி இக்கரைக்கும் அக்கரைக்கும் கடத்துவார்கள். 1930 வாக்கில்தான் சாலையோடு சேர்த்து மேலே தூக்கும்படி மாற்றினார்கள். கப்பல் ஒரு நீள ஊதல், ஒரு குட்டை, மறுபடி நீளம், குட்டை என்று ஊதியது. பாலமும் அதே தாளத்தில் திருப்பி ஊதியது. நெஞ்சுக்கூடு அதிரும் சத்தம். மகள் அலறி எழுந்தாள். சாலை அப்படியே படுக்கைவாட்டில் மேலே போனது.

"இவ்வளவு கனத்த எப்படிம்மா தூக்குறான்?"

இரண்டு பக்கக் கோபுரத்திலும் எதிர்ப்பாரம் தொங்குகிறது, அது இறங்க இது ஏறும் என்று காட்டினேன். "நம்ம ஏத்தம்" என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. சாலையின் நடுவே ஒரு சின்னக் கூண்டு, அதில் மஞ்சள் விளக்கு, உள்ளே ஒரு ஆள். பாலத்தோடு சேர்ந்து அவரும் மேலே போகிறார்.

கப்பல் முந்நூறு மீட்டர் நீளம், முப்பத்திரண்டு மீட்டர் அகலம். கால்வாயே தொண்ணூறு மீட்டர்தான். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல ஒரு இரும்புச் சுவர், சத்தமே இல்லாமல், முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. இரும்புத் தாது ஏற்றிப்போக வெறுமனே வருகிற கப்பல், அதனால் இன்னும் உயரமாகத் தெரிந்தது. கூட்டம் முழுக்கக் கப்பலைப் பார்த்துக் கையசைத்தது. மேல்தளத்தில் ஒருவர் பதிலுக்கு அசைத்தார். அப்பா கப்பலுக்குக் கையசைக்கவில்லை. பாலம் இறங்கி அந்தக் கூண்டு பழைய இடத்துக்கு வரும்வரை காத்திருந்து, அதைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். உள்ளே இருந்தவர் பார்த்திருக்க வழியில்லை.

"ராத்திரி டூட்டி போல" என்றார் திரும்பி நடக்கும்போது.

அதே கால்வாய் வாயில் 1905 நவம்பர் 28ஆம் தேதி மட்டாஃபா என்ற கப்பல் புயலில் உள்ளே நுழையப் பார்த்துக் கால்வாயின் கரைச்சுவரில் மோதி உடைந்தது. ஊரே கரையில் தீ மூட்டிக்கொண்டு விடிய விடிய நின்றது. கூப்பிடு தூரம். படகு இறக்க முடியவில்லை. விடிந்தபோது ஒன்பது பேர் குளிரில் விறைத்துச் செத்திருந்தார்கள். அந்தப் புயலில் சேதமான கப்பல்கள் நிறைய. கப்பல் முதலாளிகள் போய் அரசாங்கத்தை நெருக்கியதில் எழுந்ததுதான் வடகரையில் இருக்கும் ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கம். மறுநாள் அங்கேதான் போனோம்.

அறுபத்தொன்றாம் நெடுஞ்சாலை ஏரியை ஒட்டியே கனடா எல்லை வரை போகிறது. அரை மணி நேரத்தில் டூ ஹார்பர்ஸ் என்ற சின்ன ஊர். இங்கே ஒரு கிளைக்கதை, எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த ஊரில் 1902இல் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். பக்கத்து மலையில் கொரண்டம் கிடைக்கிறது, வெட்டி எடுத்துத் தீட்டுக்கல் செய்து விற்கலாம் என்று. கொரண்டம் என்ற சொல்லே நம் குருந்தத்திலிருந்து போனது. கடைசியில் வெட்டியெடுத்தது குருந்தக்கல்லே இல்லை, எதற்கும் உதவாத வேறு ஒரு கல். அந்தக் கம்பெனிதான் பின்னால் உப்புத்தாள், ஸ்காட்ச் டேப் என்று உலகம் முழுக்கப் போன த்ரீஎம். தமிழ்ப் பெயருள்ள ஒரு கல் கிடைக்காமல் போனதால் வளர்ந்த கம்பெனி என்று நான் எல்லாரிடமும் சொல்லித் திரிகிறேன்.

வழியில் கூஸ்பெரி அருவி. மூன்று அடுக்கு, நிறைய கூட்டம், கழிப்பறை சுத்தம். நல்ல இடம்தான், குற்றாலம் பார்த்தவர்கள் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

ஸ்பிளிட் ராக் விளக்கம் நாற்பது மீட்டர் செங்குத்துப் பாறையின் உச்சியில் நிற்கிறது. 1910இல் விளக்கு ஏற்றியபோது அங்கே போக ரோடு கிடையாது. செங்கல், சிமென்ட், எண்ணெய், சாப்பாடு எல்லாம் படகில் வந்து பாறை உச்சியிலிருந்து கயிறு கட்டித் தூக்க வேண்டியிருந்தது. உள்ளே பாரீசில் செய்த பெரிய கண்ணாடி லென்ஸ் பாதரசத்தின் மேல் மிதந்து சுற்றுகிறது. சுற்ற வைப்பது கடிகாரத்தில் இருப்பதுபோல ஒரு எடை. அது இறங்க இறங்க லென்ஸ் சுற்றும்; தரைக்கு வந்ததும் காவலர் மறுபடி சாவி கொடுத்து ஏற்ற வேண்டும், ராத்திரி முழுக்க. பழைய சீருடை போட்ட வழிகாட்டி இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அப்பாவுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. அந்தக் கைப்பிடியைப் பார்த்தார், தன் உள்ளங்கையைப் பார்த்தார். எந்த மாதம் ரொம்ப மோசம் என்று மட்டும் கேட்கச் சொன்னார். நவம்பர் என்றார் வழிகாட்டி.

"நமக்கும் அதான்."

1969இல் விளக்கு ஓய்வு பெற்றது. இப்போது ஒவ்வொரு வருடமும் நவம்பர் 10 அன்று ஏற்றுகிறார்கள். 1975இல் அதே தேதியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற தாதுக் கப்பல் இந்த ஏரியில் மூழ்கி, இருந்த 29 பேரும் போனார்கள். அவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து மணி அடிப்பார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சில்வர் பே ஊரில் கருப்பு மணல் கடற்கரை. சமூக வலைத்தளங்களில் ஹவாய், ஐஸ்லாந்து என்றெல்லாம் ஒப்பிட்டுப் படம் போடுகிறார்கள். எரிமலை மணல் இல்லை அது. தாதைப் பொடியாக்கி இரும்பைப் பிரித்தபின் மிஞ்சும் கழிவு. 1950களின் நடுவிலிருந்து 1980 வரை தினமும் 67,000 டன் வரை ஏரிக்குள் கொட்டினார்கள். ஏரித் தண்ணீரை அப்படியே குடித்துக்கொண்டிருந்த டுலூத்தின் குழாயில் ஆஸ்பெஸ்டாஸ் போன்ற நார்த்துகள் இருப்பது 1973இல் வெளியே வந்தது. வழக்கு வருடக்கணக்கில் நடந்தபிறகே கொட்டுவதை நிறுத்தினார்கள். என் மகள் அந்த மணலில் வீடு கட்டினாள். அழகான இடம்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவளுக்கு அதைவிடப் பெரிய வேலை அகேட் தேடுவது. நூறு கோடி வருடத்துக்கு முந்தைய எரிமலைக் குழம்பின் குமிழிகளில் படிந்து உருவான கல். இரும்பால் சிவந்து, வெங்காயத்தை வெட்டினதுபோல வரிவரியாக இருக்கும். மாநிலப் பூங்காக்களுக்குள் பொறுக்கக் கூடாது, வெளியே சாதாரணக் கரைகளில் பொறுக்கலாம். கல்லை நனைத்து வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் வெளிச்சம் ஊடுருவ வேண்டும், அதுதான் சோதனை. அம்மா இதைக் கேட்டுக்கொண்டு தன் பாட்டுக்குக் குனிந்தாள். அரிசியில் கல் பொறுக்கிய கண். கால் மணி நேரத்தில் மூன்று எடுத்தாள். பேத்திக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பாட்டி ஒன்றை அவள் காலடியில் நைசாகப் போட்டதை நான் பார்த்தேன்.

திரும்பும் வழியில் புகையிட்ட மீன் வாங்கினோம். மேப்பிள் கட்டைப் புகையில் வாட்டிய ஏரி மீன். இந்த ஊர்க்காரர்கள் பிஸ்கட்டோடு அப்படியே சாப்பிடுவார்கள். அம்மா மோந்து பார்த்து, பாதிக் கருவாடு என்று தீர்ப்புச் சொல்லி, வீட்டுக்கு வந்து கத்திரிக்காய் மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். கணவர் இரண்டு நாள் அதையே சாப்பிட்டார். வீடு ஒரு வாரம் மணத்தது.

மதகு விஷயம் அந்த மெல்லிய சுவர் மோட்டலில் ஞாயிறு ராத்திரி தீர்ந்தது. அப்பா விடவே இல்லை. இவ்வளவு தண்ணீரைக் காவலில்லாமல் யாரும் விட மாட்டார்கள் என்றார். கணவர் தேடிப் பார்த்தார். அப்பா சொன்னது சரி. ஏரியின் கிழக்குக் கோடியில், செயின்ட் மேரிஸ் ஆறு புறப்படும் சூ என்ற இடத்தில், ஆற்றின் குறுக்கே பதினாறு ஷட்டர் இருக்கிறது. 1921இல் கட்டி முடித்தது. எட்டு அமெரிக்கா பக்கம், எட்டு கனடா பக்கம். எவ்வளவு திறப்பது என்று இரண்டு நாட்டுக் குழு மாதாமாதம் முடிவு செய்கிறது. மின்நிலையம், கப்பலை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டு எல்லாம் சேர்த்து விநாடிக்குச் சராசரி 75,000 கன அடி வெளியேறுகிறது.

"கொள்ளிடத்துல ஒரு நடுத்தர வெள்ளம்" என்றார் உடனே. எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஆளுக்கு எட்டா? சண்டை வரலியா?"

சண்டை வேறு விதத்தில் வந்தது. 1998இல் ஒரு கனடா நிறுவனம் இந்தத் தண்ணீரைக் கப்பலில் ஏற்றி ஆசியாவுக்கு விற்க அனுமதி வாங்கியது. வருடத்துக்கு அறுபது கோடி லிட்டர். அப்பா கணக்கில் அது 0.02 டி.எம்.சி.; இந்த ஏரிக்கு அது ஒரு செம்பு. இருந்தும் இரண்டு நாட்டிலும் அப்படி ஒரு எதிர்ப்புக் கிளம்பி அனுமதி ரத்தானது. பேரேரித் தண்ணீரை வெளியே கொண்டுபோகத் தடை போட்டு அமெரிக்கப் பக்கத்தில் 2008இல் சட்டமே வந்துவிட்டது. இதைக் கேட்டு அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். "செய்யணும். ஒருத்தனுக்கு ஒரு செம்பு திறந்தா, நாளைக்குப் பத்துப் பேர் சாவியக் கேப்பான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

இலை நிறம் மாறுவதையும் பருந்துகளையும் பார்க்க செப்டம்பரில் மறுபடி போகலாம் என்று இருந்தோம். பருந்துகள் ஏரியைக் கடக்கப் பயந்து கரையோரமாகவே தெற்கே வரும். டுலூத் மலைமுகட்டில் நின்றால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் பார்க்கலாம். அதற்குள் அம்மாவுக்கு முழங்கால் வலி. போகவில்லை. அக்டோபரில் ஊருக்குக் கிளம்பினார்கள்.

நவம்பர் இரண்டாம் வாரம் போன் செய்தபோது பின்னால் மழைச் சத்தம் கேட்டது. ஏரி எவ்வளவு என்று கேட்டேன். ரிட்டையர் ஆகிப் பல வருடம் ஆனாலும் அவருக்கு அது தெரியாமல் இருக்காது.

"நாப்பத்தாறரை. ஏத்தாம வெச்சிருக்காங்க. உங்க மேலேரி?"

தேடிப் பார்த்துச் சொன்னேன், கடல்மட்டத்திலிருந்து அறுநூற்று இரண்டு அடி.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. மழைதான் கேட்டது.

"நவம்பர்ம்மா. அரை அடி கொறச்சி வெக்கச் சொல்லு."